சிறிய, வேகமாகச் சூடேறும் கண்ணாடிச் சூளை: எதைப் பார்த்து வாங்குவது?

மணிக்கூடை:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறேன். வண்ணக் கண்ணாடித் தகடுகளை வெட்டி அடுக்கி உருக்கி ஒட்டவைத்து, பதக்கங்களும் காதணிகளும் செய்து மூன்று ஆண்டுகளாக விற்று வருகிறேன். இதுவரை நண்பர் ஒருவருடைய மண்பாண்டச் சூளையைத்தான் பயன்படுத்தினேன். அது பானைகளுக்காகக் கட்டப்பட்டது. ஒருமுறை சூடேற்றினால் மறுநாள் காலையில்தான் திறக்க முடியும். உள்ளங்கையில் அடங்கும் காதணிகளுக்காக அவ்வளவு பெரிய அறையைச் சூடாக்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என் துண்டுகளில் பெரும்பாலானவை 5 செ.மீ.க்கு உட்பட்டவை, கனம் 6 மி.மீ. எப்போதாவது 10 செ.மீ. அளவில் கோப்பை வைக்கும் தட்டு செய்வேன். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று எடுக்க முடிந்தால் போதும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று சும்மா இருக்கிறது. 60,000 ரூபாய்வரை செலவிட முடியும்.

மூன்று சூளைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஆய்வகங்களுக்கான மஃபிள் ஃபர்னஸ். இரண்டாவது, நகை வார்ப்புப் பட்டறையில் அச்சுக்குள் இருக்கும் மெழுகை எரிக்கப் பயன்பட்ட பழைய பர்ன்அவுட் ஃபர்னஸ். மூன்றாவது, அமெரிக்காவிலிருந்து ஒருவர் கொண்டுவந்து இப்போது விற்க விரும்பும் சிறிய ஃபைபர் சூளை. மூவரும் சொல்வது ஒரே செய்திதான்: எத்தனை டிகிரி போகும், எத்தனை நிமிடத்தில் போகும். ஒருவர் 20 நிமிடத்தில் 1,000 டிகிரி என்றார். எனக்கு அது தேவையா என்பதே தெரியவில்லை.

பழஞ்சூளை:

தேவையில்லை அம்மா. கண்ணாடி முழுவதும் உருகி ஒன்றாவதற்கு 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். விளிம்பு மட்டும் மழுங்கி ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால் 730 முதல் 760. அச்சின் மேல் வளைந்து படிய 620 முதல் 680. ஜன்னல் கண்ணாடி, அதாவது நம் ஸ்ரீபெரும்புதூரில் ஊற்றப்படும் மிதவைக் கண்ணாடி, இன்னும் முப்பது நாற்பது டிகிரி அதிகம் கேட்கும். எப்படிப் பார்த்தாலும் 900 டிகிரியைத் தாண்டும் வேலை உங்களிடம் இல்லை. 1,200 போகும் என்று சொல்லி விற்கிறவர் பானை செய்கிறவருக்கு விற்க வேண்டியதை உங்களுக்கு விற்கிறார்.

சூளை எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை விட்டுவிட்டு, 500 டிகிரிக்குக் கீழே எவ்வளவு அடக்கமாக இறங்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். மூவரில் எத்தனை பேருக்குப் பதில் தெரிகிறது என்று பார்ப்போம்.

நகைப்பட்டறை:

நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் பர்ன்அவுட் ஃபர்னஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். மெழுகை எரிப்பதும் படிப்படியான வேலைதான். முதலில் 150 டிகிரியை ஒட்டி நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்றி, 730 டிகிரியை ஒட்டிச் சில மணிநேரம் வைத்து, வார்ப்பு வெப்பத்துக்கு இறக்க வேண்டும். ஆகவே ஓரளவு நல்ல பர்ன்அவுட் ஃபர்னஸில் படிகளை எழுதிவைக்கக்கூடிய கன்ட்ரோலர் இருக்கும். கண்ணாடிக்கும் அதுதானே வேண்டும்? கோவையில் நகைப் பட்டறைகள் மிகுதி என்பதால் பழையவை அடிக்கடி விலைக்கு வருகின்றன.

இன்னொன்று. காதணி அளவுத் துண்டுகளுக்கு இந்த ஆறவைக்கும் சடங்கெல்லாம் பெரிதாகத் தேவையில்லை என்பது என் எண்ணம். நாங்கள் எனாமல் பூசிய வெள்ளித் துண்டைச் சூளையிலிருந்து சிவக்கச் சிவக்க எடுத்து வெளியில்தான் வைக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை.

பழஞ்சூளை:

எனாமல் என்பது உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடிப் படலம். உலோகம் வெப்பத்தை உடனே பகிர்ந்து கொடுத்துவிடுகிறது. மேலும் எனாமலை உலோகத்தைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி தயாரிக்கிறார்கள். ஆறியபின் படலம் அமுக்கத்தில் இருப்பதால் உறுதியாக நிற்கிறது. 6 மி.மீ. கனமுள்ள தனிக் கண்ணாடியின் கதை வேறு. மேற்பரப்பு முதலில் ஆறி இறுகுகிறது. நடுப்பகுதி இன்னும் சூடாக, சற்று இளகிய நிலையில் இருக்கிறது. அதுவும் ஆறிச் சுருங்க முற்படும்போது இறுகிவிட்ட மேற்பரப்பு விடுவதில்லை. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். துண்டு அன்றைக்கே வெடித்தால் உங்களுக்கு நட்டம் ஒரு துண்டு. வாங்கியவர் காதில் மூன்று வாரம் கழித்து வெடித்தால் நட்டம் வேறு வகை.

இந்த இழுபறியைத் தளர்த்தத்தான் அனீலிங். கண்ணாடி முழுவதும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை குறிப்பிட்ட டிகிரியில் நிறுத்தி, அங்கிருந்து அளவாக இறக்குவது. அந்த டிகிரி கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். போர்ட்லாண்டில் தயாராகும் புல்ஸ்ஐ கண்ணாடிக்கு 482, முரானோவின் எஃபெத்ரே கண்ணாடிக்கு 520 அளவு, மிதவைக் கண்ணாடிக்கு 540-ஐ ஒட்டி, ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட்டுக்கு 560-க்கு மேல்.

கனம் கூடினால் நேரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட மிக வேகமாகக் கூடுகிறது. புல்ஸ்ஐ தரும் அட்டவணையில் 12 மி.மீ. பலகையை 482 டிகிரியில் 2 மணிநேரம் நிறுத்தி, மணிக்கு 55 டிகிரி வீதம் 427-க்கு இறக்கச் சொல்கிறார்கள். 25 மி.மீ. பலகைக்கு நிறுத்தம் 4 மணிநேரம், இறக்கம் மணிக்கு வெறும் 15 டிகிரி. உங்கள் 6 மி.மீ. துண்டுக்கு அரை மணி முதல் ஒரு மணிவரை நிறுத்தி, 370 டிகிரிவரை மணிக்கு 80 டிகிரி அளவில் இறக்கினால் போதும். அதைக்கூடச் செய்யாத சூளை எத்தனை நிமிடத்தில் சூடேறினால் என்ன?

அவசரக்காரன்:

மைக்ரோவேவ் சூளையை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். உள்ளே சிலிக்கன் கார்பைடு பூசிய செராமிக் ஃபைபர் கிண்ணம். அந்தப் பூச்சு நுண்ணலையை உறிஞ்சிச் சிவக்கிறது. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி உருகிவிடும். மூடியைத் திறக்காமல் முக்கால் மணிநேரம் விட்டால் தானாக ஆறிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாக மூக்குத்தி, மோதிரக் கல் எல்லாம் இதில்தான் செய்கிறேன். உடைந்தது மிகக் குறைவு. வேகம்தான் வேண்டுமென்றால் இதைவிட வேகம் எதுவும் இல்லை.

மணிக்கூடை:

நானும் அதைப் பார்த்தேன். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு துண்டுகள்தானே வைக்க முடியும்? ஒரு சுற்றில் இருபது காதணியாவது எடுக்க வேண்டும்.

அவசரக்காரன்:

உண்மைதான். என் கிண்ணத்தில் 4 செ.மீ.க்கு மேல் எதுவும் நுழையாது. வெப்பம் எவ்வளவு என்று அறியவும் வழியில்லை. எத்தனை நொடி என்பதுதான் கணக்கு, அதுவும் மைக்ரோவேவ் மாறினால் கணக்கு மாறிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கும் வடிவம் சோதித்துப் பார்க்கிறவருக்கும் அது போதும். இருபது காதணி ஒரே நிறத்தில் வேண்டும் என்கிறவருக்குப் போதாது. சமையலுக்குப் பயன்படுத்தும் மைக்ரோவேவில் மட்டும் இதை வைக்கக் கூடாது. தனியாக ஒரு பழைய பெட்டி வேண்டும்.

மின்பெட்டி:

மின்சூளைகளைக் கட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அமெரிக்கச் சூளை. அதன் பின்புறத் தகட்டில் 120 வோல்ட் என்று இருக்கிறதா, 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள் சகோதரி. 120 வோல்ட், 1,500 வாட் என்று இருந்தால் அதன் காயிலின் மின்தடை 9.6 ஓம். அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் 24 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் வேலை செய்ய வேண்டிய காயில் 5,500 வாட் தள்ளும். ஒன்று, எம்.சி.பி. விழும், அல்லது காயில் போகும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாம் என்று விற்கிறவர் சொல்வார். 1,500 வாட்டைத் தொடர்ந்து மணிக்கணக்காகத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் எடையையும் விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, வேகம் எங்கிருந்து வருகிறது என்பது. பலர் வாட்டைப் பார்க்கிறார்கள். பாதிக் கணக்கு சுவரில் இருக்கிறது. வெப்பச்செங்கல் சுவர் தானும் சூடேறி, அந்த வெப்பத்தைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும். செராமிக் ஃபைபர் பலகையும் போர்வையும் எடை குறைந்தவை, தேக்குவது சொற்பம். ஒரே 1.8 கிலோவாட் காயிலை ஒரே அளவு அறையில் வைத்து இரண்டையும் பார்த்திருக்கிறேன்: ஃபைபர் அறை 40 நிமிடத்தில் 800 டிகிரியைத் தொட்டது, செங்கல் அறை ஒன்றேமுக்கால் மணிநேரம் எடுத்துக்கொண்டது. இறங்கும்போதும் அதே கதைதான். காயிலை அணைத்தவுடன் ஃபைபர் அறை 500 டிகிரி வட்டாரத்தில் மணிக்கு 350 டிகிரி வேகத்தில் விழுந்தது. ஐயா கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: வேகமான சூளை தானாக அனீல் செய்யாது. இறக்கத்திலும் காயிலை விட்டுவிட்டு எரியவைத்து, விழுகிற வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகிற கன்ட்ரோலர் இருந்தால் மட்டுமே அது கண்ணாடிச் சூளை. இல்லையென்றால் அது எனாமல் அடுப்பு.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். பர்ன்அவுட் ஃபர்னஸில் மூளை சரி, உடல் சரியில்லை: கனத்த செங்கல், பக்கச் சுவர்களில் காயில், மெழுகுப் புகை ஏறிய உட்புறம். அந்தப் புகையும் கரியும் கண்ணாடியின் முகத்தை மங்கவைக்கும். எனாமல் அடுப்பு உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதில் உடல் சரி, மூளை இல்லை: ஒரே ஒரு வெப்பத்தை வைத்துப் பிடிக்கத்தான் தெரியும். மஃபிள் ஃபர்னஸ் வாங்கும்போது பலரும் ஏமாறுவது பி.ஐ.டி. என்ற எழுத்தைப் பார்த்துத்தான். பி.ஐ.டி. என்றால் வைத்த டிகிரியில் ஆடாமல் நிற்கும், அவ்வளவே. மணிக்கு இத்தனை டிகிரி ஏறு, இவ்வளவு நேரம் நில், மணிக்கு இத்தனை இறங்கு என்று குறைந்தது ஆறு படிகளையாவது எழுதிவைக்க முடிகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய கேள்வி. மின்சாரம் போய் வந்தால் கன்ட்ரோலர் என்ன செய்யும்? சில வகைகள் அணைந்தே கிடக்கும். சில, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கி, ஆறிக்கொண்டிருந்த துண்டை மீண்டும் 800-க்குக் கொண்டுபோய் உருக்கிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வகை இருக்கிறது; அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க முடிகிற கன்ட்ரோலரையே வாங்குங்கள்.

நீலப்பாசி:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். நான் டார்ச் சுடரில் கண்ணாடியை உருக்கிக் கம்பியின் மேல் சுற்றிப் பாசிமணி செய்பவள். அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மணி செய்யாமல் இருக்க முடியுமா என்று வீட்டில் கேலி செய்வார்கள். அங்கே கிடைத்த மணிகள் குழாயாக இழுத்து நறுக்கப்பட்டவை, என் மணி வேறு முறை. ஆனாலும் கேலியை ரசித்துக்கொள்வேன்.

மணிக்கூடை அக்கா, நீங்கள் பின்னாளில் டார்ச் வேலைக்கும் வருவதாக இருந்தால் இப்போதே ஒன்றை யோசியுங்கள். எங்களுக்குச் சூளை வேகமாக ஏற வேண்டிய அவசியமே இல்லை. 520 டிகிரியில் ஐந்து ஆறு மணிநேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மணியாக உள்ளே வைப்பதற்கு முன்பக்கம் சிறு கதவு வேண்டும். மேல்மூடி முழுவதையும் ஒவ்வொரு முறையும் தூக்கினால் உள்ளே இருக்கும் மணிகளெல்லாம் குளிர்க்காற்று பட்டு விரிசல் விடும். உங்கள் தட்டையான வேலைக்கு மேல்மூடி நல்லது. என் வேலைக்கு முன்கதவு நல்லது. இரண்டும் உள்ள சூளை இரண்டு வேலைக்கும் ஒத்துவரும், விலைதான் ஏறும்.

மணிக்கூடை:

டார்ச் வேலை எனக்கு வராது நீலப்பாசி. சுடரைக் கண்டாலே பயம். மேல்மூடிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த அமெரிக்கச் சூளை 120 வோல்ட்தான். நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லி வந்தேன்.

மின்பெட்டி அண்ணா, காயில் மேலே இருப்பதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் அவ்வளவு வேறுபாடு இருக்கிறதா? மஃபிள் விற்பவர் நான்கு பக்கமும் காயில் இருந்தால்தான் சீராகச் சுடும் என்கிறார்.

மின்பெட்டி:

பானைக்கு அவர் சொல்வது சரி. உங்கள் கண்ணாடி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. மேலிருந்து வரும் வெப்பம் அதன் முகம் முழுவதிலும் ஒரே அளவாக விழும். பக்கவாட்டில் காயில் இருந்தால் ஓரம் முதலில் விரியும், நடுப்பகுதி பின்தங்கும். 3 செ.மீ. காதணிக்கு அது தெரியாது, 10 செ.மீ. கோப்பைத் தட்டைச் சூளைத் தட்டின் ஓரத்தில் வைத்தால் தெரியும். கண்ணாடி ஏறும்போது விரிசல் விடுவது பெரும்பாலும் 500 டிகிரிக்குக் கீழேதான். அதற்கு மேல் அது விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறது.

மேல்காயிலைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். தொங்காது, கையும் படாது. காயில் கம்பி காந்தால் வகையாக இருக்கட்டும். நம் பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் காந்தல் இல்லை இது. சுவீடன் நாட்டுப் பெயர், இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த கலவை. ஒருமுறை சூடேறிய பிறகு இது வளையாது, ஒடியும். ஆகவே காயில் நகர்ந்துவிட்டது என்று குளிர்ந்த நிலையில் குறடால் இழுக்காதீர்கள்.

மூடியைத் திறந்தவுடன் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். கன்ட்ரோலர் சொல்கிறபடி காயிலை எரியவைத்து அணைக்கும் எஸ்.எஸ்.ஆர். என்னும் ரிலே பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்து என்று சொன்னாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் காண்டாக்டர் என்னும் கனத்த சுவிட்ச் ஒன்றும், தனி உணரியோடு 900 டிகிரியில் அதை விடுவிக்கும் இரண்டாவது காவலும் வையுங்கள். இதைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். அடுக்ககத்தில் இருப்பவருக்கு நான் இதில்லாமல் கட்டிக் கொடுப்பதில்லை.

பிளக் விஷயம்: 1.8 கிலோவாட் என்றால் 8 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 15 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனால் சூளை கீசரைப் போலப் பத்து நிமிடத்தில் நிற்பதில்லை. பழைய சாக்கெட்டின் தளர்ந்த பித்தளை மணிக்கணக்கான சூட்டில் கருகும். சாக்கெட்டை மாற்றி, வயர் எத்தனை சதுர மி.மீ. என்று பார்த்து, எர்த் உண்மையில் இருக்கிறதா என்று சோதித்த பிறகு செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. மாலையில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்குச் சரிந்தால் அதே காயில் 68 சதவீத வாட்தான் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சூளை கெட்டுவிட்டது என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அதுதான்.

பழஞ்சூளை:

தம்பி சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். செங்கலை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். முழு ஃபைபர் சூளையில் 500 டிகிரியில் மின்சாரம் போனால் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. செங்கலுக்குப் பொறுமை உண்டு; அது தேக்கி வைத்த வெப்பம் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். கன்ட்ரோலர் தொடருமா தொடராதா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே செங்கல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஃபைபரின் தூசியையும் யாரும் சொல்லவில்லை. சாதாரணச் செராமிக் ஃபைபரைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் பொருள்களின் பிரிவு அது. படுக்கையறைக்குப் பக்கத்தில் அதை உரசிக்கொண்டிருப்பது எனக்கு உவப்பில்லை. உடலில் கரையக்கூடிய வேறு வகை ஃபைபர் போர்வைகள் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். உட்புறத்தில் சிலிக்கா கரைசல் பூசி இறுக்கச் சொல்லுங்கள். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள், முகக்கவசத்தோடு.

மின்பெட்டி:

ஐயாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் தரைக்கு மட்டும் இலகுவகை வெப்பச்செங்கல், சுவருக்கும் மூடிக்கும் கரையும் வகை ஃபைபர் என்று கட்டலாம். ஏறுவதற்குக் கால் மணிநேரம் கூடும். விழும் வேகம் கணிசமாகக் குறையும்.

நகைப்பட்டறை:

அனீலிங் பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. உள்ளே இழுபறி இருக்கிறதா இல்லையா என்று உடைத்துப் பார்க்காமல் எப்படி அறிவது?

பழஞ்சூளை:

நல்ல கேள்வி. பழைய எல்.சி.டி. திரையில் ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் இரண்டு துண்டு போதும். ஒன்றன் மேல் ஒன்றை வைத்துச் சுற்றினால் ஒரு நிலையில் இரண்டும் சேர்ந்து கறுத்துவிடும். அந்த நிலையில் நடுவே கண்ணாடியை வைத்து விளக்கை நோக்கிப் பாருங்கள். இழுபறி இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இருந்தால் அந்த இடத்தில் வெள்ளை ஒளி கசியும். நன்றாக ஆறிய துண்டை மட்டுமே பார்க்க வேண்டும். இரண்டு வகைக் கண்ணாடியைக் கலந்தால் அவற்றின் சந்திப்பில் ஒளிவட்டம் தெரியும். அதை எந்த அனீலிங்கும் போக்காது. 90, 96, 104 என்று வெப்ப விரிவு எண் போட்டு விற்கும் கண்ணாடிகளைத் தனித்தனி டப்பாவில் வைக்கச் சொல்வது அதனால்தான். எண் ஒன்றாக இருந்தாலும் சேரும் என்று உறுதியில்லை, ஒரு சில்லை உருக்கிப் பார்த்தே சேர்க்க வேண்டும்.

அவசரக்காரன்:

பழைய மானிட்டரை இன்றே கழற்றப் போகிறேன். என் மூக்குத்திகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மணிக்கூடை:

பெரியவர் சொன்ன படிகளை வைத்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்று எழுதிப் பார்த்தேன். தவறிருந்தால் திருத்துங்கள். 680 டிகிரிவரை மணிக்கு 600 வீதம், ஏறக்குறைய 65 நிமிடம். அடுக்குகளுக்கிடையே இருக்கும் காற்று வெளியேற அங்கே 10 நிமிடம். 800-க்கு 15 நிமிடம், அங்கே நிறுத்தம் 10 நிமிடம். 482-க்கு விழ அரை மணி, அங்கே நிறுத்தம் அரை மணி. 370 வரை மணிக்கு 83 வீதம் 80 நிமிடம். மொத்தம் 4 மணிநேரம். பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு வர இன்னும் இரண்டு மணிநேரம். காலை 6 மணிக்குத் தொடங்கினால் நண்பகலில் திறந்து, ஒரு மணிக்கு அடுத்த சுற்றை வைக்கலாம்.

இதில் ஒன்று கண்ணில் பட்டது. சூளை இன்னும் வேகமாக ஏறினால்கூட எனக்கு மிச்சமாவது அரை மணிநேரம்தான். மீதி நேரம் முழுவதும் கண்ணாடியின் நேரம். அதில் நான் கை வைக்க முடியாது.

பழஞ்சூளை:

கணக்கு சரி. 10 செ.மீ. தட்டு வைக்கும் நாளில் மட்டும் 600 வேண்டாம், 200 போதும். காற்று வெளியேற அரை மணி கொடுங்கள். வேகமாகத் தாண்டினால் ஓரங்கள் முதலில் ஒட்டிக்கொண்டு நடுவில் குமிழியைச் சிறை வைத்துவிடும். 3 மி.மீ. தகடு இரண்டு அடுக்கினால் அளவு மாறாமல் நிற்கும். ஒரே தகட்டைத் தனியாக முழுவதும் உருக்கினால் ஓரம் உள்ளிழுத்துக்கொண்டு உருண்டு தடிக்கும், மூன்று அடுக்கினால் பரவி வழியும். உருகிய கண்ணாடி 6 மி.மீ. கனத்தையே நாடும், சூளை மாற்றினாலும் இது மாறாது.

மேலும், இறக்கத்தில் 760-க்கும் 700-க்கும் இடையே சுணங்க வேண்டாம். அங்கே அதிக நேரம் நின்றால் முகம் படிகமாகிப் பால் படிந்ததுபோல் மங்கும். மிதவைக் கண்ணாடிக்கு அந்த நோய் மிகுதி. உங்கள் சிறிய சூளையின் வேகம் உண்மையில் உதவப்போவது இந்த ஓரிடத்தில்தான்.

நீலப்பாசி:

அமெரிக்க அட்டவணைகளைப் பார்த்து எழுதும்போது ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று இரண்டு முறை பாருங்கள் அக்கா. அவர்கள் அனீலிங் 900 என்று எழுதியிருப்பார்கள். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 482. நான் முதல் மாதத்தில் 900 என்றே அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் நாற்பது மணிகளும் தட்டின் மேல் ஒரே குட்டையாகக் கிடந்தன. அந்தக் குட்டையை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன், தாள் பறக்காமல் இருப்பதற்கு.

மணிக்கூடை:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். மின்பெட்டி அண்ணா சொன்ன அமைப்பிலேயே உள்ளூரில் ஒருவரிடம் கட்டிக்கொண்டேன். உள்ளளவு 25 செ.மீ. சதுரம், உயரம் 15 செ.மீ. கண்ணாடி வைக்கும் தட்டு 20 செ.மீ.; சுற்றிலும் இரண்டரை செ.மீ. இடைவெளி. தரை செங்கல், சுவரும் மூடியும் ஃபைபர், காயில் மூடியில் குவார்ட்ஸ் குழாய்க்குள், 1.8 கிலோவாட். இரண்டாவது காவலும் மூடிச் சுவிட்சும் வைத்தாயிற்று. 60,000 ரூபாயைத் தாண்டிவிட்டது; எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதல் நாளே, மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. கட்டியவரைத் திட்டுவதற்கு முன் இங்கே ஒருமுறை படித்துவிடலாம் என்று தேடினேன், இதற்கு விடை இல்லை. அவரே வந்து, மழை ஈரத்தைச் செங்கலும் ஃபைபரும் உறிஞ்சியிருக்கின்றன என்று சொல்லி, சூளையை ஒரு நாள் வெயிலில் வைத்தார். பிறகு மூடியைச் சற்றுத் திறப்பாக வைத்து, அந்தச் சுற்றுக்கு மட்டும் மூடிச் சுவிட்சைத் தாம் பக்கத்திலேயே நின்று அழுத்திப் பிடித்தபடி 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் உலர்த்தினார். அதன்பிறகு விழவில்லை.

வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை மூடிக்கு அருகில் இருப்பதால் காட்டும் வெப்பத்துக்கும் தட்டின் வெப்பத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. இன்னொரு கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். 800 என்று காட்டும்போது தட்டில் 786. ஆகவே 814 வைக்கிறேன். ஆனால் 482 டிகிரியில் அரை மணி நின்ற பிறகு வேறுபாடு 3 டிகிரிதான். மீட்டரில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஓடுகிறது.

பெரியவர் கேட்பார் என்று தெரியும் என்பதால் மின்வெட்டுச் சோதனையும் செய்தேன். விற்பனைக்கு உதவாத மூன்று பதக்கங்களை வைத்து, 482-இல் நின்றுகொண்டிருக்கும்போது எம்.சி.பி.யை இறக்கினேன். 15 நிமிடத்தில் 421-க்கு வந்தது. மறுபடி ஏற்றியபோது கன்ட்ரோலர் விட்ட படியிலிருந்து தொடர்ந்து, 482-க்குப் போய் நின்று, மீதியை முடித்தது. மறுநாள் போலரைசர் தாள்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். இரண்டு துண்டுகள் முழுக்க இருட்டாக இருந்தன. மூன்றாவதில் சிவப்பும் வெள்ளையும் சேரும் கோட்டில் மெல்லிய ஒளி கசிந்தது.

பழஞ்சூளை:

அந்தச் சிவப்பு எந்த டப்பாவிலிருந்து எடுத்தது?

மணிக்கூடை:

பழைய டப்பா, ஐயா. எண் ஒட்டாதது. இப்போது தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.